முழுகாத நிலம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு வேன் புறப்படும்.
பின்னால் நீலக் கூடைகளில் நாற்பத்திரண்டு காலிப் புட்டிகள்.
மதியம் திரும்பும்போது நாற்பத்திரண்டும் நிறைந்திருக்கும்,
மூடி இறுக்கி, மேலே பெயர் எழுதி.
பால்காரர் போகிற வழிதான்,
நான் அதைத் தலைகீழாகப் போகிறேன்.

சிரிக்காதீர்கள், சிறுநீர்தான்.
எம்மெலோர்ட் வட்டாரத்தில் யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது என்று
மாமியார்களுக்கு முன்பே எனக்குத் தெரியும்.
ஆறாம் வாரத்திலிருந்து பதினாறாம் வாரம் வரை
வாசலில் என் புட்டி நிற்கும்,
பனியில், மரச்செருப்புகளுக்குப் பக்கத்தில்.

இந்த நிலம் கடலின் அடி.
நான் சிறுமியாக இருந்தபோது இங்கே மீன்படகு போயிற்று.
இப்போது உருளைக்கிழங்கு, அளவுகோல் வைத்துப் போட்ட சாலை,
ஒரே அச்சில் வார்த்த ஓட்டு வீடுகள்.
எங்கோ பம்பு ஓடுகிறது, இரவு பகலாக.
அதனால்தான் முழுகாமல் இருக்கிறது
நிலமும்.

தொழிற்சாலையில் ஒரு மத்தியானம் பாடம் எடுத்தார்கள்.
கரு வந்து ஒட்டிக்கொள்கிறது. கடுகளவுகூட இல்லை.
வாய் இல்லை, நரம்பு இல்லை.
இரத்தத்தில் ஒரு சொல்லைக் கரைத்து விடுகிறது.
முட்டை வெடித்துப் போன இடத்தில் ஒரு மஞ்சள் வடு,
மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் அதனிடம் போய்ச் சேர்கிறது அந்தச் சொல்:
கடையைச் சாத்தாதே.
வடு மறுபடி உட்கார்ந்து சுரக்கிறது.
கருப்பை விரித்த மெத்தையை உதறாமல் வைத்துக்கொள்கிறது.
இத்தனை பேச்சுவார்த்தையும் நடப்பது அறியாமல்
வெங்காயம் வதங்கும் வாசனைக்கு
வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள் ஒருத்தி.

மிஞ்சி வழிவது எனக்கு.
வடித்து, உலர்த்தி, பொடியாக்கி, ஊசியில் ஏற்றி
வேறு ஊரில், வருஷக்கணக்காக நாள் தவறாத ஒருத்திக்குப் போடுவார்கள்.
அங்கே அதே சொல்லுக்கு வேறு பொருள்:
எழுந்திரு, புறப்படு, நேரமாயிற்று.
சொல்லில் என்ன இருக்கிறது, கேட்கிற காதில் இருக்கிறது.

ஹோக்ஸ்ட்ரா பண்ணையில் நாய்.
அது பாய்கிறபோது
சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் ஒன்று
என்னைக் கேளாமலே என்னைத் தூக்கி வேனுக்குள் எறிகிறது.
அரை நிமிஷம் கழித்துத்தான் பயம் வருகிறது.
புட்டி எதுவும் உடையவில்லை.

எனக்கு ஐம்பத்தொன்று.
ஜனவரியில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறேன்.
கழுத்திலிருந்து தீ ஏறி நெற்றியில் வேர்க்கிறது.
மூளைக்கு அடியில் பட்டாணியளவு ஒரு சுரப்பி
என் சினைப்பைகளுக்குக் கடிதம்மேல் கடிதம் போடுகிறது.
அந்த வீடு காலி. அதற்குப் புரியவில்லை.
பதில் வராததால் இன்னும் பெரிய எழுத்தில் எழுதுகிறது.

இருபத்தேழாம் எண், ரூலினா.
ஒன்பதாவது வாரம்.
வாசலில் புட்டி இல்லை.
கதவு திறந்தது, கையில் வைத்திருந்தாள், நிறைந்த புட்டியை,
குழந்தையைப் பிடிப்பதுபோல் என்று சொல்ல மாட்டேன்,
புட்டியைப் பிடிப்பதுபோலத்தான்.

"சனிக்கிழமை போய்விட்டது" என்றாள்.
வேன் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
"இதில் இன்னும் இருக்குமா?"

இருக்கும். சில நாள்.
எழுதிய கை போன பிறகும் கடிதம் வழியில் இருக்கும்.
பாடத்தில் இதுவும் வந்தது,
எந்த வாயால் சொல்ல?
தலையை மட்டும் ஆட்டினேன்.

"பெயர் போட்டு அனுப்புவார்களா?"
"இல்லை. எல்லாம் ஒரே தொட்டியில்."
"சரி" என்றாள். கொஞ்சம் கழித்து, "நல்லது."

இப்படிப்பட்டதை வாங்கக் கூடாது என்பது விதி.
நிறுத்திய காரணம் எழுதப் படிவம் இருக்கிறது,
மூன்று கட்டம், எதிலும் பேனா இறங்கவில்லை.
கூடையில் அவள் இடத்தில் அவள் புட்டியை வைத்தேன்.
இன்னும் சூடாக இருந்தது.

அடுத்த வீடு இருபத்தொன்பது.
கண்ணாடியை இறக்கினேன்.